சிக்னலின் இடது கன்னம்

பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் உயிரோடு இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் சிக்னல். நான்கு சாலைகள் வந்து முட்டிக்கொள்ளும் சந்திப்பில் ஒரு விளக்குக் கம்பம் உண்டு. அது எரிந்ததைவிடப் புறாக்களுக்கு இடம் கொடுத்ததுதான் அதிகம். ஆகவே சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றுக்கும் பொறுப்பாக இந்த மனிதர் நடுவில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஆட்டி ஆட்டி, சாப்பிடும்போது தண்ணீர் போதும் என்று சொல்லக்கூட உள்ளங்கையை நிமிர்த்தி முன்னால் நீட்டுவார். மகள் செம்போடு அப்படியே நின்றுவிடுவாள்.

நிற்பது அவருக்குச் சின்ன வயதிலேயே பழக்கம். வகுப்பில் வாய் ஓயாமல் பேசுகிறான் என்று வாத்தியார்கள் அவரை மைதானத்து வெயிலில் நிற்க வைப்பார்கள். அவன் படித்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, மைதானத்தில் என்று அவருடைய அக்கா இன்னும் சொல்லிக்காட்டுவாள். வளர்ந்த பிறகு, அதே காரியத்துக்குச் சம்பளமும் கொடுத்துத் தொப்பியும் கொடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஓடிப்போய்ச் சேர்ந்தார். போலீஸ் என்றால் திருடனைத் துரத்துவது, துப்புத் துலக்குவது என்று கண்ட கனவெல்லாம் முதல் வாரத்திலேயே லாரிப் புகையோடு போயிற்று.

மனைவி கிடைத்ததும் அந்தச் சந்திப்பில்தான். ரசாயனம் படித்து முடித்த புதிதில், ஒரு அட்டைப்பெட்டி நிறையக் கண்ணாடிக் குடுவைகளைத் தூக்கிக்கொண்டு அவள் சாலையைக் கடக்க நின்றாள். சிக்னல் நான்கு பக்கமும் வண்டிகளை நிறுத்தினார். குடுவை உடையாமலிருக்க அவள் அடிமேல் அடி வைத்து நடந்தாள். அத்தனை வண்டியும் ஹார்ன் அடித்தது. எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்ததும் திரும்பிப் பார்த்து, இரண்டு பக்கம் நிறுத்தியிருந்தாலே போதுமே என்றாள். தன்னைத் திருத்த ஒருத்தி வந்துவிட்டாள் என்று அவர் அன்றே முடிவு செய்துவிட்டார். வீட்டார் சம்மதிக்கத்தான் கொஞ்ச காலம் பிடித்தது.

டயர் கிடங்குக்கு மேல் மாடியில் இயங்கும் ஒரு சின்ன அழகுசாதன நிறுவனத்தின் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. ஆய்வகம் என்றால் நீளமான ஓர் அறை, ஒரு கலக்கும் இயந்திரம், ஒரு தராசு, கை கழுவும் தொட்டி, சரியாக மூடாத ஜன்னல். எந்த மணத்தைக் கலந்தாலும் அதோடு டயர் மணமும் கொஞ்சம் இலவசம் என்று அங்கே வேலை செய்பவர்களே கேலி செய்வார்கள்.

வெயிலைத் தடுக்கும் க்ரீம் ஒன்று செய்துவிட வேண்டும் என்பது அவளுடைய பல வருட ஆசை. கடையில் விற்கும் வெயில் க்ரீம் பலவற்றிலும் துத்தநாகப் பொடி இருக்கும். பழுப்பு முகத்தில் அதைப் பூசினால் மாவு டப்பாவுக்குள் தலையை விட்டு எடுத்த மாதிரி ஆகிவிடும். வெயிலுக்குப் பயந்து பேயாகிவிட வேண்டுமா என்று அவள் கேட்பாள். பூசியதே பூசியவருக்கு நினைவில்லாமல் போக வேண்டும், அதுதான் நல்ல க்ரீம் என்பாள். மரத்துக்கு விறைப்பைக் கொடுக்கும் லிக்னின் என்ற பொருள் வெயிலின் கெட்ட கதிர்களைத் தானே விழுங்கிக்கொள்ளும். நிறமும் நம் தோலைப் போலப் பழுப்பு. பக்கத்துத் தெருத் தச்சுப் பட்டறையில் கூட்டித் தள்ளுகிற மரத்தூளிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, கண்ணுக்கே தெரியாத நானோ உருண்டைகளாக்கி, க்ரீமில் கலப்பதுதான் அவளுடைய திட்டம்.

அவ்வளவு சின்னதாக எதற்கு ஆக்க வேண்டும் என்று சிக்னல் கேட்டார். பெரிதாக இருந்தால் கறுப்பாகவும் நறநறவென்றும் இருக்கும், சின்னதாக்கினால் நிறம் குறையும், அதே தூள் இன்னும் அதிக இடத்தை மூடும் என்றாள். ஒரு தலைமுடியின் குறுக்கே நூற்றுக்கணக்கான உருண்டைகள் வரிசையாக நிற்குமாம். அத்தனை கூட்டத்தை யார் ஒழுங்குபடுத்துவது என்று சிக்னல் கவலைப்பட்டார். தொழில் புத்தி எங்கே போகும்?

முதலில் செய்த க்ரீம் உப்புத்தாள் மாதிரிக் கன்னத்தைத் தேய்த்தது. அடுத்தது வீட்டிலிருந்த தலையணை உறைகளுக்கெல்லாம் நிறம் ஏற்றியது. அதற்கும் அடுத்தது மறுநாளே மேலே எண்ணெய், கீழே சேறு என்று பாகம் பிரித்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் அவள் வீட்டுக்கு வந்து, ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவுவாள். அழுகிறவளையாவது சமாதானப்படுத்தலாம். பளபளக்கிற பாத்திரத்தைப் பிடித்துத் தேய்க்கிறவளை என்ன சொல்லித் தேற்றுவது? அந்தச் சத்தம் கேட்டாலே சிக்னல் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார்.

அப்புறம் ஒரு க்ரீம் வந்தது. உறுத்தவில்லை, ஒட்டவில்லை, பிரியவில்லை. கருவிகளில் தேறியது. முழங்கையின் உட்புறம் தடவிப் பார்த்த தோல் டாக்டர் அம்மாளும் அரிப்பு, தடிப்பு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். முதலாளி மட்டும் இதுதான் கடைசி என்று சொல்லியிருந்தார். மனித முகத்தில் இது வேலை செய்தால் பெரிய பரிசோதனைக்கு அனுப்பலாம். செய்யாவிட்டால் மரத்தூள் மூட்டைகள் மாடியை விட்டு இறங்கும், அவள் உதட்டுச்சாயப் பிரிவுக்குப் போவாள். முதலாளி கெட்டவர் இல்லை. க்ரீம் என்றால் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று பிறந்ததிலிருந்தே நம்பிவிட்ட மனிதர்.

இப்போது வெயிலில் நிற்க ஒரு முகம் வேண்டும். நிறுவனத்தில் எல்லோரும் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பவர்கள். வாசல் காவலாளிகூடக் கூரைக்கு அடியில். காலை முதல் மாலை வரை தலைக்கு மேல் எதுவும் இல்லாமல் நிற்கிற ஒரே ஆள் அவள் வீட்டிலேயே இருந்தார். "மூஞ்சியில கதவைப் பூசிட்டுப் போய் நிக்கணுமா?" என்று சிக்னல் முனகினார். முனகிக்கொண்டே கன்னத்தைக் காட்டினார்.

ஏற்பாடு எளிமையானது. இடது கன்னத்துக்கு ஒரு டப்பா, வலதுக்கு வேறொரு டப்பா. ஒன்றில் மரத்தூள் உண்டு, மற்றது வெறும் க்ரீம். இரண்டையும் ஒரே நிறமாக்கியிருந்தாள். எதில் எது இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல மாட்டாள். தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும் என்றாள். ஆரம்பிப்பதற்கு முன் தோல் டாக்டர் பேனா மாதிரி ஒரு கருவியை அவர் முகத்திலும் கைகளிலும் ஒற்றி ஒற்றி எடுத்து, தோலின் நிறத்தை அளந்து வைத்துக்கொண்டார்.

மனைவி எல்லாவற்றையும் யோசித்திருந்தாள், புருஷனின் மூக்கைத் தவிர. முதல் நாள் காலையிலேயே இடது கன்னத்திலிருந்து லேசாகச் சுட்ட கட்டையின் வாசனை வருவதை சிக்னல் பிடித்துவிட்டார். இத்தனை வருடப் போலீஸ் வாழ்க்கையில் அவர் தானாகத் துப்புத் துலக்கிய வழக்கு இது ஒன்றுதான். மார்பு விரிந்தது. சந்திப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் மறுபடி சுருங்கியும் விட்டது. அவர் வீட்டு வாசல்கதவு மரம்தான். வெயிலில் வெளுத்து, வெடித்து, பார்க்கச் சகிக்காது. தன்னையே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாத மரமா கன்னத்தைக் காப்பாற்றப் போகிறது? இந்தத் தடவையும் இவள் தோற்கத்தான் போகிறாள், பாத்திரங்கள் உருளத்தான் போகின்றன என்று அவருக்குத் தோன்றிவிட்டது. தோன்றியதும் ஒரு முடிவுக்கு வந்தார். க்ரீமால் முடியாததை நாமே செய்துவிட்டால் என்ன?

அன்றிலிருந்து சிக்னல் காலையில் வடக்குப் பார்த்து நின்றார். வெயில் வலது கன்னத்தில் விழுந்தது, இடது கன்னம் நிழலில் இருந்தது. மாலையில் தெற்குப் பார்த்து நின்றார். அப்போதும் வெயில் வலதுக்கே. உச்சிவேளையில் தொப்பியை இடப்பக்கமாகச் சாய்த்துக்கொண்டார். வழக்கமாகப் பம்பரம் மாதிரி நான்கு பக்கமும் சுற்றுகிறவர் இப்போது நட்டு வைத்த கல்லாக நின்றார். காலையில் தெற்குச் சாலையிலிருந்து வருகிறவர்களுக்கு அவருடைய முதுகுதான் தரிசனம். புறங்கையை இடுப்புக்குப் பின்னால் ஆட்டி அவர்களை வா என்பார். அது ‘வா’வா, ‘போ’வா என்று புரியாமல் பாதிப் பேர் வந்தார்கள், பாதிப் பேர் நின்றார்கள்.

தினமும் அந்த வழியாக வரும் தண்ணீர் லாரிக்காரர் ஒருநாள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி வந்து, தன்மேல் என்ன கோபம், ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். பாவம், நிஜமாகவே வருத்தப்பட்டிருந்தார். யாரோ ஒருவர் இன்ஸ்பெக்டரிடம், இந்த ஆள் ஒரு சாலைக்கு மட்டும் ஓரவஞ்சனை செய்கிறார் என்று சொல்லி வைத்தார். இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து பார்த்தார். கழுத்துப் பிடித்துக்கொண்டு திரும்பவே மாட்டேன் என்கிறது ஐயா என்று சிக்னல் அளந்து விட்டார். கழுத்துப்பட்டை வாங்கிப் போடும்படி இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டுப் போனார். போட்டால் கன்னம் மூடிவிடும் என்று அவர் வாங்கவில்லை.

வாரங்கள் போகப் போக அவருடைய முகத்தில் மூக்குத்தண்டே எல்லைக்கோடாயிற்று. வலப்பக்கம் கருகிக்கொண்டே போனது, இடப்பக்கம் கல்யாணப் படத்தில் இருந்த மாதிரியே இருந்தது. அப்பாவை ஒரு பக்கம் பார்த்தால் அம்மாவுக்குத் தம்பி, இன்னொரு பக்கம் பார்த்தால் மாமனார் என்றாள் மகள். மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தாடையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அப்போது அவள் கண்ணில் தெரிகிற சந்தோஷத்தைப் பார்த்து அவருக்கு உள்ளே கொஞ்சம் உறுத்தும். உறுத்தட்டும், நல்ல காரியத்துக்குத்தானே செய்கிறோம் என்று தன்னையே தட்டிக்கொடுத்துக்கொள்வார்.

முடிவு பார்க்கும் நாளில் ஆய்வக அறையில் முதலாளி, தோல் டாக்டர், மனைவி மூவரும் இருந்தார்கள். நடுவில் ஒரு முக்காலியில் சிக்னல். டாக்டர் கருவியை ஒற்றி எண்களைச் சொல்லச் சொல்ல, மனைவி எழுதினாள். வலது கன்னம் பல மடங்கு கறுத்திருந்தது. இடது கன்னத்தில் மாற்றமே இல்லை என்று சொல்லலாம். முதலாளி எழுந்து வந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி நின்று பார்த்தார். பழுப்பு க்ரீமின் மேல் அவருக்கு இருந்த கோபமெல்லாம் போய், பெரிய பரிசோதனை எதற்கு, இந்த முகத்தையே பேனரில் போட்டுவிடலாம் என்ற அளவுக்கு வந்துவிட்டார். தன் முகம் பேனரில் வருவதை நினைத்து சிக்னலும் மீசையைத் தடவிக்கொண்டார்.

அப்போது டாக்டர் அவருடைய கைகளை நீட்டச் சொன்னார். முழங்கைக்குக் கீழே ஒற்றினார், எண்ணைச் சொன்னார். வலது கை கறுத்திருந்தது. இடது கை கறுக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்த மனைவி நிறுத்தினாள்.

"கைக்கு நான் எதுவுமே போடலையே" என்றாள்.

டாக்டர் இன்னொரு தடவை ஒற்றிப் பார்த்தார். அதே எண்தான். முதலாளிக்கு உற்சாகம் இன்னும் கூடியது. முகத்தில் போட்டது உள்ளே இறங்கிக் கைக்கும் போயிருக்கும், அதையும் விளம்பரத்தில் சேர்த்துவிடலாம் என்றார். மனைவி புருஷனைப் பார்த்தாள். அவர் மேலே விட்டத்தைப் பார்த்தார்.

"காலையில எந்தப் பக்கம் பாத்து நிப்பீங்க?"

"வடக்க."

"சாயங்காலம்?"

சிக்னல் திருதிருவென்று முழித்தார். பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். வந்தது உண்மைதான். "தெக்க" என்றார்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். இது க்ரீம் செய்த வேலை இல்லை, நிழல் செய்த வேலை, இந்த எண்களை வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது, மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. காதுமடல் மட்டும் சிவந்திருந்தது. வெளியில் யாருக்குத் தெரியப்போகிறது என்று முதலாளி மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். "எனக்குத் தெரியும் சார்" என்றாள். முதலாளி பெருமூச்சு விட்டு, மழைக்காலம் வரைக்கும் பொறுக்கிறேன், அதற்குமேல் என் கையில் இல்லை என்றார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் அவருக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள். பாத்திரச் சத்தத்துக்குத் தயாராக சிக்னல் கூடத்தில் உட்கார்ந்தார். அவள் சமையலறைக்குப் போகவில்லை. எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அது பாத்திரச் சத்தத்தைவிட மோசமாக இருந்தது.

மூக்கு துப்புத் துலக்கியது முதல் கழுத்துப் பிடிப்பு வரை அவர் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். கழுத்துப்பட்டை வந்த இடத்தில் அவளுக்கே சிரிப்பு வரப் பார்த்தது, அடக்கிக்கொண்டாள்.

"நீ தோத்துப் போறதை இன்னொரு தடவை பாக்க முடியாதும்மா. உனக்காகத்தான் செஞ்சேன்" என்று முடித்தார்.

"நான் தோத்துடுவேன்னு எப்ப முடிவு பண்ணீங்க?"

அவர் யோசித்தார். "முதல் நாளே" என்றார்.

"முதலாளி நம்பலை. அவர் எதையும் நம்ப மாட்டார். டாக்டர் பாத்துட்டுச் சொல்றேன்னாங்க. இது ஜெயிக்கவே ஜெயிக்காதுன்னு முதல் நாளே நிச்சயமா இருந்த ஒரே ஆளு நீங்கதான்."

சிக்னலுக்குப் பொட்டில் அடித்த மாதிரி இருந்தது. இத்தனை வாரமாக அவள் பக்கம் நிற்கிறோம் என்று நினைத்துக்கொண்டல்லவா வெயிலில் வெந்தார்? அந்தச் சந்திப்பில் அவளுக்கு எதிராக நின்றவர் அவர் ஒருவர்தான். மன்னிப்புக் கேட்கலாம் என்றால் வார்த்தை வரவில்லை. அவருக்கு வார்த்தை வராமல் போனதை மகள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

மறுபடி தொடங்க வேண்டுமானால் முதலில் முகம் ஒரே நிறத்துக்கு வர வேண்டும். ஆகவே காலையில் தெற்கு, மாலையில் வடக்கு என்று மாற்றி நிற்கும்படி மனைவி உத்தரவு போட்டாள். அப்பாவைத் திருப்பிப் போட்டு வேக வைக்கிறார்கள் என்றாள் மகள். தெற்குச் சாலைத் தண்ணீர் லாரிக்காரருக்குக் காலையில் அவர் முகம் கிடைத்தது. சண்டை தீர்ந்தது என்று நினைத்து அவர் கை காட்டிவிட்டுப் போனார். இப்போது வடக்குச் சாலைக்காரர்கள் முறைத்தார்கள்.

இரண்டு கன்னமும் சமமானதும் டாக்டர் மறுபடி அளந்தார். புதிய டப்பாக்கள் வந்தன. இந்தத் தடவை இரண்டிலும் மல்லிகை மணத்தைத் தூக்கலாகக் கலந்திருந்தாள். மோப்ப நாயே வந்தாலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. சிக்னல் பழையபடி பம்பரமாக நான்கு பக்கமும் சுற்றினார். முதல் நாள், வெயில் எந்தக் கன்னத்தில் பட்டாலும் அவருக்குப் பரீட்சை எழுதுகிறவன் மாதிரி நெஞ்சு அடித்துக்கொண்டது. போதாக்குறைக்கு அத்தனை மல்லிகை மணத்தோடு ஒரு போக்குவரத்துப் போலீஸ்காரர் நிற்பதைப் பார்த்து ஆட்டோக்காரர்கள் வேறு கண்ணடித்தார்கள்.

முதல் மழை பெய்ததும் முடிவு பார்த்தார்கள். அதே அறை, அதே முக்காலி. இரண்டு கைகளும் ஒரே அளவு கறுத்திருந்தன. வலது கன்னமும் கறுத்திருந்தது. இடது கன்னமும் கறுத்திருந்தது, ஆனால் குறைவாக. ஜன்னல் பக்கம் திருப்பி உற்றுப் பார்த்தால் யாருக்கும் தெரியும். கருவிக்கு உற்றுப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை, எண் பளிச்சென்று சொன்னது. எந்த டப்பாவில் எது என்று எழுதிப் பெட்டியில் மூடி வைத்திருந்த சீட்டை மனைவி எடுத்துக் காட்டினாள். மரத்தூள் இடது கன்னத்துக்குத்தான் போயிருந்தது.

டாக்டர் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். முதலாளியின் முகம்தான் தொங்கிப்போயிற்று. போன தடவை எவ்வளவு பளிச்சென்று இருந்தது, இது என்ன இவ்வளவுதானா என்று ஆற்றாமையோடு கேட்டார். சிக்னலுக்கு முக்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அவர் செய்த பொய்க்குப் பக்கத்தில் நிஜம் இப்போது சோனியாக நின்றது. போன தடவை நடந்தது பரிசோதனை இல்லை, இதுதான் பரிசோதனை, இவ்வளவு தடுத்ததே நல்ல விஷயம் என்று டாக்டர் பொறுமையாக எடுத்துச் சொன்ன பிறகு, பெரிய பரிசோதனைக்கு அனுப்ப முதலாளி அரை மனதோடு தலையாட்டினார். மூட்டைகள் மாடியிலேயே இருக்கும்.

இருவரும் நடந்தே வீட்டுக்குத் திரும்பினார்கள். தெருவெல்லாம் ஈரமாக இருந்தது. ஜெயித்துவிட்டாய் என்று சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது. சொல்லும் தகுதி தனக்கு இல்லை என்று நினைத்தார்.

"இந்தத் தடவை எது எந்தப் பக்கம்னு கண்டுபிடிச்சீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"தேடவே இல்லம்மா."

"தினமும் பயந்துகிட்டே நின்னீங்களா?"

"முதல்ல பயமாத்தான் இருந்துது" என்றார். அப்புறம் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "அதுக்கப்புறம் வண்டி, கூட்டம், சத்தம்... மூஞ்சியில க்ரீம் இருக்கறதையே மறந்துட்டேன்" என்றார். சொன்ன பிறகுதான் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று நாக்கைக் கடித்தார். அவள் இத்தனை வருடம் பாடுபட்டது அந்தக் க்ரீமுக்காகத்தானே?

அவள் நடையை நிறுத்திவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"என்னத்தை?"

"மறந்துட்டேன்னு."

அவர் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து, எதையாவது மறந்ததற்காக மனைவியிடம் அவர் நல்ல பேர் வாங்கியது அன்று ஒருநாள்தான்.